செக்கும் கொம்பும்: இரண்டு சின்னங்கள் வரைந்த கணக்கு

காங்கேயம் பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய் நிறுவனத்துக்கும் அதே ஊர் கபடிக் குழுவுக்கும் சின்னம் வரைந்து கொடுக்கும் வேலை ஒருவழியாகக் கிட்டத்தட்ட முடிந்திருக்கிறது. லேபிள் அச்சாகி வந்துவிட்டது, பனியனும் தொப்பியும் வந்துவிட்டன. இரண்டிலும் சின்னம் சுத்தமாக விழுந்திருக்கிறது. இடையில் எவ்வளவோ மாறியது. அந்த மாற்றங்களை வரிசையாக எழுதி வைத்தால் இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சின்ன நிறுவனத்துக்குச் சின்னம் வரையும்போது கணினித் திரையில் தொடங்கக் கூடாது. அது பதியப்போகிற இடங்களிலேயே மோசமான இடம் எதுவோ, அங்கிருந்து தொடங்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு நல்ல அச்சகமும் நல்ல காகிதமும் கிடைக்கும். ஊருக்குள் இருக்கும் எண்ணெய்க் கடைக்கு, அட்டைப்பெட்டி மேல் அவசரத்தில் குத்துகிற ரப்பர் ஸ்டாம்பும் ஒரு உண்மையான அச்சுதான். அங்கே அடையாளம் தெரியாத சின்னம் மற்ற இடத்தில் எத்தனை அழகாக இருந்தாலும் பாதிச் சின்னம்தான்.

அதனால் முதல் வேலை, ஸ்டீல் ஸ்கேலோடு போய் அளவெடுத்தது. ஒரு லிட்டர் பாட்டிலின் முன்பக்க லேபிள் 80க்கு 110 மி.மீ. மூடியின் மேல் விட்டம் 28 மி.மீ., ஓரத்து வளைவைக் கழித்தால் ஸ்டிக்கர் ஒட்டச் சமமாக இருப்பது 22. ரப்பர் ஸ்டாம்பு 38 மி.மீ. வட்டம், அதற்குள் பெயரும் ஊரும் போக சின்னத்துக்கு மிஞ்சுவது 14. அப்புறம் 15 கிலோ டின், பில் புத்தகம், கடை வாசலில் 10க்கு 3 அடி போர்டு, வாட்ஸ்அப்பில் தெரிகிற சின்ன வட்டம்.

லேபிளில் 80 மி.மீ. அகலம் இருப்பதால் நிறைய இடம் இருக்கிறது என்று தோன்றும். உணவுப் பொருள் என்பதால் சட்டப்படி போட வேண்டியவை பாதியைப் பிடித்துக்கொள்ளும். சைவ அடையாளமான பச்சைப் புள்ளி, 14 இலக்க உரிம எண், எடை, விலை, தயாரித்த தேதி எல்லாம் வேண்டும். முன்பக்கப் பரப்பு 100 சதுர செ.மீ.க்குள் இருந்தால் அந்தப் பச்சை வட்டம் குறைந்தது 3 மி.மீ. விட்டம், அதைச் சுற்றிய சதுரத்தின் பக்கம் அதைப் போல இரு மடங்கு. எங்கள் லேபிள் 88 சதுர செ.மீ., எனவே 6 மி.மீ. சதுரம். இவற்றையெல்லாம் காகிதத்தில் வெட்டி ஒட்டிப் பார்த்த பிறகு சின்னத்துக்கு 30 மி.மீ. உயரம் கிடைத்தது.

அடுத்தது பென்சில் வேலை. கிராஃப் தாளில் 25 மி.மீ. கட்டங்கள் போட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு யோசனை என்று 2பி பென்சிலில் வரைந்து, பிடித்ததை மட்டும் கருப்பு மார்க்கரில் நிரப்பினேன். மார்க்கர் முனை தடிமனாக இருப்பது நல்லது. நுணுக்கம் சேர்க்க விடாது.

நிறுவனத்து அண்ணன் கேட்டது செக்கு, செக்கு மாடு, தென்னை மரம், எள் செடி, குத்துவிளக்கு. ஐந்தும் 14 மி.மீ.க்குள் போகாது. அதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, ஐந்தையும் நிஜமாகவே 14 மி.மீ.க்கு வரைந்து காட்டியது உடனே வேலை செய்தது. பார்த்துவிட்டு அவரே, "அப்ப செக்கு ஒண்ணு போதுமுங்க தம்பி. நம்மளது வாகை மரம், அது தெரிஞ்சாப் போதும்" என்றார்.

இப்படிக் குறைப்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் ஸ்டேட் பாங்கின் சின்னம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஷேகர் காமத் 1971இல் வரைந்தது. ஒரு நீல வட்டம், நடுவில் ஒரு சிறு வட்டத் துளை, அதிலிருந்து கீழே இறங்கும் ஒரு பிளவு. அவ்வளவுதான். பாஸ்புக் முத்திரையிலும் அது தெரிகிறது, கட்டட உச்சியிலும் தெரிகிறது. வங்கி என்பதற்காகப் பெட்டகமும் நாணயமும் அதில் இல்லை.

செக்கை வரைய, ஓடிக்கொண்டிருக்கும் செக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். உலக்கை ஒருபக்கமாகச் சாய்ந்து எள்ளை உரலின் உள்சுவரோடு அழுத்தி நசுக்குகிறது. கருப்பட்டி சேர்த்த கொஞ்ச நேரத்தில் எண்ணெய் பிரிகிறது. உரலின் பக்கத்தில் உள்ள துவாரத்துக்கு ஒரு சின்ன மூக்கு உண்டு. அதன் நுனியில் எண்ணெய் திரண்டு, கனம் தாங்காமல் அறுந்து, கீழே உள்ள பாத்திரத்தில் விழுகிறது. மூக்கு எப்போதும் ஈரமாகப் பளபளக்கிறது, உரலின் மற்ற பகுதி மங்கலாக இருக்கிறது. அப்போது அந்த மூக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணில் பட்டது உரலும் உலக்கையும்தான்.

புகைப்படத்தின் மேல் கோணமானி வைத்துப் பார்த்தால் உலக்கையின் சாய்வு செங்குத்திலிருந்து 15 டிகிரி சுமார். அதே கோணத்தில் வரைந்தால் 25 மி.மீ. கட்டத்தில் நிமிர்ந்து நிற்பதாகவே தெரிந்தது. 30 டிகிரிக்குச் சாய்த்தேன். உரல், சாய்ந்த உலக்கை, வெளியே வட்டம். பார்க்கக் கச்சிதமாக இருந்தது. அண்ணனின் அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது மருந்துக்கடை போர்டாட்ட இருக்குது சாமி" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கல்வமும் குழவியும் உலகில் பல இடங்களில் மருந்துக்கடை அடையாளம். உரலும் உலக்கையும் மட்டும் இருந்தால் யாரும் எண்ணெய் என்று படிக்க மாட்டார்கள். மருந்து உரலில் இல்லாமல் செக்கில் மட்டும் இருப்பது எது என்று யோசித்தபோதுதான் மூக்கும் சொட்டும் நினைவுக்கு வந்தன. உரலின் வலது பக்கம் கீழே ஒரு குட்டை மூக்கு, அதற்குக் கீழே தனியாக ஒரு சொட்டு. வட்டத்தை எடுத்துவிட்டேன். அடுத்த தடவை அதே அம்மா, "செக்கு" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வரைந்ததைத் துறைசார்ந்தவர்களிடம் காட்டுவதைவிட, ஒரு விளக்கமும் சொல்லாமல் வீட்டுப் பெரியவர்களிடம் நீட்டுவது மேல். அவர்களுக்கு முகத்துக்காகப் பேச வேண்டிய தேவை இல்லை.

கணினி வேலை இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில். காசு கிடையாது, வேண்டியதெல்லாம் இருக்கிறது. தாளைப் புகைப்படம் எடுத்து உள்ளே போட்டு, படத்தைத் தானாகக் கோடாக்கும் வசதியை முதலில் ஓட்டிப் பார்த்தேன். மார்க்கர் மையின் ஓரச் சுரசுரப்பை எல்லாம் அது அப்படியே பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் கொட்டியது. அதைச் செதுக்கிச் சரிசெய்வதைவிட, படத்தை மங்கலாக்கிக் கீழ் அடுக்கில் பூட்டிவிட்டு, மேலே பேனாக் கருவியால் புதிதாக வரைவது வேகமான வழி. வளைவின் உச்சி, அடி, இடது ஓரம், வலது ஓரம் ஆகிய இடங்களில் மட்டும் புள்ளி வைத்தால் போதும். உரல் முழுவதும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளில் அடங்கிவிட்டது. புள்ளி குறையக் குறைய வளைவு சுத்தமாகும். பின்னால் ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டரும் தடுக்காமல் ஓடும்.

வரைபலகையை 100 மி.மீ. சதுரமாக வைத்துக்கொள்வது என் வழக்கம். கணக்கு எளிது. கோட்டின் தடிமன் 6 மி.மீ. என்றால் 22 மி.மீ. மூடியில் அது 1.3, 14 மி.மீ. ஸ்டாம்பில் 0.84. இடைவெளிகளுக்கும் இதே கணக்குதான், அங்கேதான் சிக்கலே வரும். மூக்குக்கும் சொட்டுக்கும் நடுவே 2 மி.மீ. விட்டிருந்தேன். ஸ்டாம்பில் அது 0.28 ஆகிறது. திரையிலும் லேசர் அச்சிலும் தெளிவாகத் தெரிந்த இடைவெளி அது.

பெயரை எழுத நிறைய எழுத்துருக்களைப் பார்த்தேன். முக்தா மலர், கேடமரான், பாலூ தம்பி ஆகிய மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, வணிகச் சின்னத்தில் பயன்படுத்தத் தடையில்லை. பாலூ தம்பியின் உருண்டை எண்ணெய்க்குப் பொருத்தமாக இருந்தாலும், 'ண்ணெ' வரும் இடத்தில் சுழிகள் நெருங்கிச் சின்ன அளவில் அடைத்துக்கொண்டன. முக்தா மலரின் தடித்த வடிவம் அடைக்கவில்லை. அதையே எடுத்தேன்.

தமிழில் சின்னம் வரைகிறவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டியது புள்ளியிலும் உகரத்திலும். 'க்', 'ச்', 'ண்' மேல் இருக்கும் புள்ளி, எழுத்தின் தலையோடு ஒட்டினால் மெய்யே உயிர்மெய்யாகிவிடும். எழுத்துக்களைக் கோடாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வரைவடிவமாக, மாற்றிய பிறகு ஒவ்வொரு புள்ளியையும் தனியாகப் பிடித்து, விட்டத்தைக் கொஞ்சம் கூட்டி, புள்ளி விட்டத்தின் பாதி அளவாவது மேலே தூக்கினேன். இரண்டு வரிப் பெயரில் மேல்வரியில் 'கு' இருந்தால் அதன் வால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். எங்களுக்கு இடித்தது. வரி இடைவெளியைக் கூட்டினால் பெயர் இரண்டாகப் பிரிந்த மாதிரி ஆனது, அதனால் கீழ்வரியை 3 மி.மீ. வலது பக்கம் நகர்த்திப் புள்ளியை வாலுக்கு அந்தப் பக்கம் விழவைத்தேன். பார்க்கிறவர்களுக்கு நகர்த்தியதே தெரியாது.

எழுத்தைக் கோடாக்குவதை மறக்கவே கூடாது. நம் பக்கத்து அச்சகங்களில் இன்னும் பழைய கோரல் டிரா நிறைய ஓடுகிறது. யூனிகோடு எழுத்தோடு கோப்பை அனுப்பினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிவிடும். கோடாக்கி அனுப்பினால் அந்தப் பேச்சே இல்லை. திருத்துவதற்கு உயிரோடு இருக்கும் எழுத்துக் கோப்பு ஒன்றை நம்மிடம் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் முடித்துவிட்டு, ஒப்புதல் வாங்குவதற்கு முன்பே ரப்பர் ஸ்டாம்பு ஒன்று செய்யக் கொடுத்தேன். 450 ரூபாய். இந்த வேலையில் செலவழித்ததிலேயே பயனுள்ள பணம் அதுதான். பில் புத்தகத்தில் குத்தினால் அருமை. பழுப்பு அட்டைப்பெட்டியில் குத்தியதும் மை பரவி, சொட்டு மூக்கோடு ஒட்டிக்கொண்டது. பார்ப்பதற்கு உரலில் ஒரு நீளமான கைப்பிடி வைத்த மாதிரி. அட்டையின் உள் மடிப்புகள் வேறு சின்னத்தின் குறுக்கே கோடு கோடாக விழுந்தன. மூக்குக்கும் சொட்டுக்குமான இடைவெளியை 2இலிருந்து 4 மி.மீ. ஆக்கினேன், சொட்டையும் கொஞ்சம் குண்டாக்கினேன். உலக்கைக்கும் உரல் வாய்க்கும் நடுவிலும் அதே 4. ஸ்டாம்பில் இது 0.56 மி.மீ. இப்போது அட்டையிலும் சொட்டு தனியாக நிற்கிறது.

நிறத்தில் ஒரு பாடம் கிடைத்தது. ஒளி ஊடுருவும் ஸ்டிக்கரில் வெள்ளை மையில் சின்னம் போட்டால், எண்ணெயின் நிறமே பின்னணியாக இருக்கும் என்பது யோசனை. ஐம்பது லேபிள் மட்டும் மாதிரிக்கு அடித்தோம், 600 ரூபாய். நல்லெண்ணெய் பாட்டிலில் அந்த வெள்ளைச் சின்னம் கண்ணைப் பறித்தது. கடலை எண்ணெயில் சுமார். தேங்காய் எண்ணெயிலும் அந்த நேரத்தில் தெரிந்தது. மார்கழி வந்ததும் கதை மாறியது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். காலையில் கடை திறக்கும்போது பாட்டில் முழுவதும் வெள்ளை வெளேரென்று உறைந்து நிற்க, அதன் மேல் வெள்ளைச் சின்னம் காணாமல் போயிருந்தது. பெயரும் சேர்ந்து காணோம்.

ஆகவே ஒளி புகாத வெள்ளை லேபிளுக்கு மாறினோம். உரலும் உலக்கையும் அடர் பழுப்பு, சொட்டு மட்டும் மஞ்சள். சிஎம்ஒய்கே எனப்படும் நான்கு அச்சு மைகளின் சதவீத அளவில் பழுப்பு 40-70-100-40, மஞ்சள் 0-25-100-0. இன்க்ஸ்கேப்பிலிருந்து வரும் பிடிஎஃப் திரை நிறத்தில்தான் இருக்கும், அச்சகத்தில் மாற்றும்போது நிறம் மங்கும். அதனால் இந்த எண்களைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்து, அவர்கள் கணினியிலேயே நிரப்பச் சொன்னேன். சிறிய அச்சகங்களில் இரண்டு நிறம் ஒட்டி வந்தால் நடுவே முடி அளவு வெள்ளைக் கோடு தெரியும், தகடு இம்மி நகர்ந்தாலே போதும். இங்கே சொட்டு ஏற்கெனவே தள்ளி நிற்பதால் கொஞ்சம் நகர்ந்தாலும் யாருக்கும் தெரியாது. ஸ்டாம்புக்காகச் செய்த மாற்றம் லேபிளையும் காப்பாற்றியது. ஆயிரம் லேபிள் 3,200 ரூபாய்.

வணிகக் குறி பதிவு பற்றியும் சொல்ல வேண்டும். பதிவுக்காகப் பொருள்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள், சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வருகிறது. பதிவகத்தின் இணையத் தேடலில் அந்த வகுப்பில் பெயரைப் போட்டுப் பார்ப்பது இலவசம். 'மரச்செக்கு' என்பது பொருளை விவரிக்கும் சொல், அதை மட்டும் தனக்கென்று யாரும் கேட்க முடியாது. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவு கிடைத்தால் 10 ஆண்டு, பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பம் போட்ட நிலையில் டிஎம் என்ற எழுத்துக்களைப் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவு கையில் வந்த பிறகுதான். அதற்கு முன் போடுவது குற்றம். அச்சகத்தில் அழகுக்காக அந்த ஆரைச் சேர்த்துவிடுகிறார்கள், மாதிரி அச்சில் அதைத் தேடிப் பார்த்து எடுக்கச் சொல்ல வேண்டும்.

கபடிக் குழுவின் வேலை இதோடு சேர்ந்தே ஓடியது. காசில்லாத வேலை, செலவு மட்டும் அவர்களுடையது. பையன்கள் ஏற்கெனவே ஒரு காளைத் தலையைப் பனியனில் போட்டு வைத்திருந்தார்கள். இணையத்தில் எடுத்தது. அது சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியின் சின்னம், அவர்கள் 1966 முதல் மாற்றாமல் வைத்திருப்பது. சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும், காங்கேயம் காளை ஊருக்கே பெயர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அமெரிக்கக் காளை எதற்கு?

காங்கேயம் காளையின் கொம்பு தனி அழகு. வெளியே விரிந்து, பின்னால் சாய்ந்து, மறுபடி உள்ளே வளைந்து நுனிகள் ஒன்றையொன்று நெருங்கும், கிட்டத்தட்ட ஒரு வட்டம் முடியும் இடத்தில் நிற்கும். அந்தக் கொம்புகளே குழுவின் வட்டமாகிவிட்டன. நடுவில் 'க' என்ற எழுத்து. முகம், கண், திமில் எதுவும் இல்லை. கொம்பின் கோணம் சரியாக இருந்தால் இந்தப் பக்கத்துக்காரர்கள் காங்கேயம் என்று கண்டுகொள்வார்கள். கொம்பை வெறும் அரைவட்டமாக வரைந்தபோது எருமை மாதிரி இருந்தது. அடியில் தடித்து, வளைவில் மெலிந்து, நுனியை மட்டும் உள்ளே திருப்பிய பிறகே காளை வந்தது.

இங்கே மோசமான இடம் தொப்பியின் எம்பிராய்டரி. 60 மி.மீ. அகலத்தில் கொம்பு அடியில் 7 மி.மீ., நுனியில் 0.8. நூலுக்கு 0.8 ஆகாது. ஊசி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கித் துணி சுருங்கியது, நுனி ஒரு முடிச்சாக நின்றது. நுனியை 1.5 மி.மீ.க்கு மொட்டையாக்கினேன். 'க'வைச் சுற்றிக் குழுவின் பெயரை வளைத்து எழுதியதும் நூலில் எடுபடவில்லை, 4 மி.மீ. உயரத் தமிழ் எழுத்து நூலில் குழம்பிவிடும். தொப்பியில் பெயரை எடுத்துவிட்டுக் கொம்பும் எழுத்தும் மட்டும் வைத்தோம். பனியனில் சப்ளிமேஷன் அச்சு, அதாவது சூட்டில் மையைத் துணிக்குள் ஏற்றுவது, அங்கே எத்தனை நிறமும் எத்தனை நுணுக்கமும் தாங்கும், எனவே பெயர் அங்கே முழுதாக இருக்கிறது. எம்பிராய்டரிக் கோப்பு செய்ய 400 ரூபாய், தொப்பிக்கு 45 ரூபாய் கூலி, பனியன் ஒன்றுக்கு 380.

வட்டத்தில் தமிழ் எழுதும்போது மேல் வளைவில் மட்டும் எழுதுவது நல்லது. கீழ் வளைவில் எழுதினால் எழுத்தின் கீழ்ப்பக்கம் அகன்று, புள்ளிகளும் 'கி', 'கீ' மேல் வரும் வளைவுகளும் உள்ளே நெருக்கிக்கொண்டு இடிக்கும். சங்கப் பதிவுக்காக முத்திரையும் கேட்டார்கள், அதில் நான்கு சிங்கம் வைக்கலாமா என்ற கேள்வி வந்தது. கூடாது. அரசுச் சின்னத்தைத் தனியார் அமைப்பு பயன்படுத்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. கொம்பு வட்டமே முத்திரைக்குள்ளும் போனது, கீழே பதிவு எண்.

ஒப்படைக்கும்போது இருவருக்கும் ஒரே மாதிரிக் கோப்புறை கொடுத்தேன். எஸ்விஜி (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டுக் கோப்பு), கோடாக்கிய பிடிஎஃப், பின்னணி இல்லாத 2000 பிக்சல் பிஎன்ஜி, ஒற்றைக் கருப்பு, கருப்பின் மேல் வெள்ளை. எதற்கு எந்தக் கோப்பு, குறைந்தபட்ச அளவு எவ்வளவு, நிற எண்கள் என்ன என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி அச்சிட்டு, கடைச் சுவரில் ஒட்டச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும் என்பதையும் அதிலேயே பெரிய எழுத்தில் போட்டேன். போர்டுக்கான பிளெக்ஸ் 30 சதுர அடி, அடிக்கு 18 ரூபாய் வீதம் 540, இரும்புச் சட்டம் 1,400. எண்ணெய் நிறுவனத்தில் வாங்கிய கூலி 6,000.

அடுத்த வேலையில் சிலவற்றை மாற்றப் போகிறேன். ஸ்டாம்பை முடிவில் செய்யாமல், பென்சில் வடிவம் பிடித்த கையோடு செய்து பார்ப்பேன். எம்பிராய்டரிக்காரரிடம் முதல் வரைவையே காட்டிக் கருத்துக் கேட்பேன், ஊசிக்கு எது ஆகும் ஆகாது என்று அவருக்குப் பார்த்த உடனே தெரியும். பாட்டிலில் ஒட்டும் எந்த லேபிளையும் வெயிலிலும், ஃபிரிட்ஜில் ஒரு இரவும் வைத்துப் பார்ப்பேன். கூலியில் பாதியை முன்பணமாகக் கேட்பேன். மாதிரிச் செலவு எல்லாம் தொடக்கத்திலேயே வருகிறது.

இன்னும் பாக்கி இருப்பது 15 கிலோ டின். தகரத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர் ஒரு நிறத்துக்கு ஒரு திரை, திரைக்கு 350 ரூபாய் கேட்கிறார். டின்னில் சின்னம் 60 மி.மீ. வருகிறது, அளவு பெரிதாக இருந்தாலும் தகரத்தின் மேல் மை வழுக்கி ஓரத்தில் வழிகிறது. பழுப்பு ஒன்றில் மட்டும் அடிப்பதாகப் பேசி, டின்னுக்கான கோப்பில் மட்டும் சொட்டின் இடைவெளியை 5 மி.மீ. ஆக்கிக் கொடுத்திருக்கிறேன். முதலில் பழைய டின் இரண்டில் அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.